நத்தாரும் நடைபயிலும் பிள்ளையும்



பாடசாலை அதிபர் ஒருவரை நத்தாரைப் பற்றிப் பேசும்படி கேட்டால், அவர் ஒளிவிழாவைப் பற்றியோ, பண்டிகைகள் வளர்க்கும் நல்லுறவைப் பற்றியோ பேசுவார் என்றே நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அவற்றை நான் ஆண்டுதோறும் பாடசாலை மேடையிற் பேசிவருகிறேன். பிள்ளைகளும் பொறுமையோடு கேட்டுவருகிறார்கள். இன்று அவற்றை விடுத்து, இருபது மாதக் குழந்தை ஒன்று நத்தார்க் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாட்கள் தங்கியிருந்த கதையைச் சொல்ல விரும்புகின்றேன். கதை சிறியதுதான். ஆயினும் நான் நெடுங்காலமாகத் தீர்க்காதிருந்த ஒரு கடனும் அதனுள் அகப்பட்டிருக்கிறது.

நத்தார் என்னும் சொல் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்றது. பிறப்பைக் குறிக்கும் அவர்களது ‘நத்தால்’ என்ற சொல்லே நம்மவர் நாவில் நத்தார் ஆயிற்று. பிறப்பின் பெயரைத் தாங்கிய பண்டிகையை ஒரு குழந்தையை முன்னிட்டுப் பேசுவது பொருத்தமற்றதாகாது என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் வலிகாமத்திலே பண்டத்தரிப்புக்கு அயலில் இருக்கிறது. மகளும் மருமகனும் கொழும்பிலே தொழில் புரிகிறார்கள். 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 19ஆந் திகதி இரவு பஸ்ஸில் ஏறி, மறுநாட் காலை, பெட்டிகளும் பைகளும் பாற்போத்தல்களுமாக வந்து இறங்கினார்கள். நான் வாசலில் நின்று இரு கைகளையும் நீட்டினேன். பேரன் என்னை ஏற இறங்க ஒருமுறை பார்த்தான். தாயின் தோளில் முகத்தைப் புதைத்தான். பிறகு ஊர் கூடும்படி அழுதான்.

“அம்மப்பாவைத் தெரியேல்லையே?” என்று அயலவர் ஒருவர் கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஞாயிறுதோறும் தொலைபேசித் திரையிலே என்னைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கும் பிள்ளைதான் அவன். ஆனால் திரையிலுள்ள அம்மப்பாவுக்குக் கைகள் இல்லை. அவர் பிடித்துத் தூக்கமாட்டார். வாசலில் நின்றவருக்கோ இரண்டு பெரிய கைகள் இருந்தன.

“அப்பா, அவனை விடுங்கோ. தானா வருவான்,” என்றாள் மகள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஐந்து வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகளோடு பழகியவன் நான். எழும்பச் சொன்னால் எழும்புவார்கள். இருக்கச் சொன்னால் இருப்பார்கள். நான் பார்த்துக்கொண்டு நிற்கும் வரைக்குமாவது இருப்பார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் இந்த அதிகாரம் எதுவும் செல்லாது. புதுமுகத்தைக் கண்டு அஞ்சும் இயல்பு எட்டாம் ஒன்பதாம் மாதமளவில் தோன்றி, இரண்டாம் வயதை அண்டி மெல்லத் தணிவது. தன்னைச் சார்ந்தவர் இவர், அல்லாதவர் இவர் என்று பிரித்தறியும் அறிவு வளர்ந்ததற்கு அது அடையாளமேயொழிய, வளர்ப்பின் குறையன்று. பண்டிகைக்கு வீடு வரும் பேரப்பிள்ளைகளை வாசலிலேயே கையிலிருந்து கைக்கு மாற்றும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது முதியவர்களின் ஆசையைத் தீர்க்கும். பிள்ளைக்கோ, தன் தாய் தன்னை அந்நியரிடம் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறாள் என்ற திகைப்பே மிஞ்சும்.

ஆகவே நான் அவனைத் தேடிச் செல்லாமல், விறாந்தையில் நிலத்திலே சப்பாணி கட்டி இருந்துகொண்டு, அவித்த பனங்கிழங்கை உரித்து நார் கிழிக்கத் தொடங்கினேன். அரை மணி நேரம் அவன் தூணுக்குப் பின்னால் நின்றான். பிறகு வந்து ஒரு தோலை எடுத்தான். இன்னொன்றை எடுத்தான். மூன்றாவதை எடுத்து என் கையில் வைத்தான். எங்கள் உறவு அவ்வாறு ஆரம்பமாயிற்று. மறுநாள் மாலைக்குள் ‘அம்மப்பா’ என்ற சொல் அவனுக்கு வசப்படாமல் ‘பப்பா’ என்று நின்றது. நான் திருத்தவில்லை.

பல்கலைக்கழகத்திலே தமிழ் படித்தவர்களுக்குப் பிள்ளைத்தமிழ் நினைவிருக்கும். மூன்றாம் மாதம் முதல் இருபத்தோராம் மாதம் வரை, ஒற்றைப்பட்ட மாதங்களில், பிள்ளையின் விளையாட்டைப் பத்துப் பருவங்களாகப் பிரித்துப் பாடும்படி இலக்கண நூலார் வகுத்தனர். ஆண்பிள்ளைக்குக் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்பன. பரீட்சைக்காக இவற்றை மனனம் செய்த நாளில், புலவர்கள் கற்பனையாகக் கட்டிய வரிசை இது என்றே எண்ணியிருந்தேன். அப்படியன்று. குசினியிலுள்ள சட்டி, பானை, மூடி யாவும் அகப்பையால் முழக்கப்பட்டன. என் செருப்பொன்று கயிறு கட்டி இழுக்கப்பட்டது. எஞ்சியிருந்தது சிற்றில் சிதைத்தல் ஒன்றே. அதற்கு இடம் கொடுத்தது எங்கள் பாலன் குடில்.

1223ஆம் ஆண்டில், இத்தாலியிலுள்ள கிரேச்சியோ என்ற ஊரிலே, அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையுமாக ஒரு தொழுவத்தை அமைத்து நத்தார் கொண்டாடினார் என்பது வரலாறு. எளிய மக்கள் பாலனின் பிறப்பைக் கண்ணாற் காணவேண்டும் என்பது அவர் விருப்பம். எங்கள் வீட்டுக் குடிலில் மாடும் கழுதையும் சாந்தினாற் செய்யப்பட்டவை. மண்ணிறக் கடதாசியைக் கசக்கி மலை செய்வோம். பத்து நாட்களுக்கு முன்பே சிரட்டைகளில் நெல்லை முளைக்கவிட்டுப் புல்வெளி ஆக்குவோம். சுரூபங்கள் என் மாமியாரின் காலத்தவை. ஆகையால் என் மனைவி அவ்வாண்டு குடிலைக் கண்ணாடி அலுமாரியின் உச்சியில் வைக்கத் தீர்மானித்தாள்.

“அம்மா, அது ஆருக்கு அங்கை?” என்று கேட்டாள் மகள்.

“எல்லாருக்கும்தான்.”

“இவனுக்குத் தெரியாதே. அண்ணாந்து பாத்துப் பாத்து அலுமாரியில ஏறப்போறான்.”

இருவருக்கும் இதுபற்றி ஒரு பகல் முழுவதும் மனத்தாங்கல். நான் தலையிடவில்லை, அதிபர்கள் சில இடங்களிலே தலையிடக் கூடாது என்பதை அனுபவத்தில் அறிந்தவன் நான். முடிவில் என் மனைவியே பழஞ்சேலைத் துண்டுகளை எடுத்து, பஞ்சு திணித்து, இரண்டு ஆடும் ஒரு மாடும் ஒரு கழுதையும் தைத்தாள். கழுதைக்கும் மாட்டுக்கும் காதில் மாத்திரந்தான் வேற்றுமை. விறாந்தை மூலையிலே, பழைய வாழைப்பழப் பெட்டியொன்றைக் கவிழ்த்து, அவனுக்கென்று ஒரு குடில் வைத்தோம். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை அவன் அதைச் சிதைத்தான். ஏழெட்டு முறை நாங்கள் அடுக்கினோம். பிரான்சிஸ் கண்ணாற் காணச் சொன்னார். இந்த வயதிலோ கையாற் பிடிக்காத எதுவும் கண்டதாகக் கணக்கில்லை.

அலங்காரத்தைப் பற்றி இரண்டொரு விடயங்களைச் சொல்லிவிடுகிறேன். நத்தார் மரமாக நாங்கள் வெட்டிவந்த சவுக்குக் கிளையில், கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டோம். மின்விளக்குக் கயிறு அவன் கைக்கு எட்டாத உயரத்திலேயே சுற்றப்பட்டது. திறந்தவுடன் இசை எழுப்பும் வாழ்த்து மடல்கள் இப்போது பல வீடுகளுக்கு வருகின்றன. அவற்றினுள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மின்கலம் உண்டு. பிள்ளை அதை விழுங்கி, அது உணவுக் குழாயிற் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். வலி இல்லையே, அழவில்லையே என்று காத்திராமல் உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதை நான் முன்பு அறிந்திருக்கவில்லை, மகள்தான் சொன்னாள்.

23ஆந் திகதி மாலை ஊர் இளைஞர்கள் பாண்ட் வாத்தியத்தோடு வீடுவீடாக நத்தார் பாப்பாவை அழைத்துவந்தார்கள். நத்தார் பாப்பாவின் மூலவராகச் சொல்லப்படும் புனித நிக்கலஸ் சின்ன ஆசியாவிலே மீரா நகரத்து ஆயராக இருந்தவர். எங்கள் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தவரோ பஞ்சுத் தாடியும் பிளாத்திக்கு முகமூடியும் அணிந்து, வயிற்றிலே தலையணை கட்டியிருந்தார். “இஞ்சை பார், பாப்பா! பாப்பா வந்திட்டார்!” என்று எல்லோரும் கூவினோம். பிள்ளை என்னைப் பார்த்தான்; அந்த முகமூடியைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த பப்பா ஒருவர்தான். அவருடைய முகத்தை யாரோ கழற்றி மாற்றிவிட்டதாக நினைத்தானோ என்னவோ, அப்படியொரு அலறலை அதற்குமுன் நான் கேட்டதில்லை. இதிலே என் தவறும் உண்டு. “ஒருக்காத் தூக்கிக் குடு பிள்ளை, படம் எடுப்பம்,” என்று சொன்னவன் நானே. மருமகன் அதிகம் பேசாதவர். அவர் பிள்ளையை வாங்கிக்கொண்டு கிணற்றடிப் பக்கமாக நடந்தார். படம் எடுக்கப்படவில்லை.

இனி 24ஆந் திகதிக்கு வருகிறேன்.

அன்று காலை முதல் பலகார வேலை. பயற்றம் பணியாரம், முறுக்கு, சீனி அரியதரம், அச்சுப் பலகாரம். கேக் முன்பே சுட்டு வைத்தாயிற்று. அயல் வீட்டார் சைவர்கள். அவர்கள் வீட்டில் பிள்ளையார் பெருங்கதை விரதம் நடந்துகொண்டிருந்தபடியால், முட்டை சேராத பலகாரங்களைத் தனித் தட்டில் எடுத்துவைத்தோம். இந்த ஆரவாரத்திலே பிள்ளையின் பகல் தூக்கம் தவறிப்போயிற்று. ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு, பகல் தூக்கமும் சேர்த்து, நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. அந்தக் கணக்கைப் பண்டிகை நாளில் யார் பார்க்கிறார்கள்? பிற்பகல் மூன்று மணிக்கு உறங்கவேண்டியவனுக்கு, ஐந்து மணிக்கு விறைப்பான புதுச்சட்டையும் சப்பாத்தும் மாட்டினோம்.

மாலை ஏழு மணியளவில் விருந்தினர் வந்தனர். நான் ஆசிரியனாகப் பணி தொடங்கிய காலத்தில் எனக்கு அதிபராயிருந்த பெரியவர் ஒருவரும் அவர்களுள் இருந்தார். அவர் முன்னிலையில் இன்றும் நான் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருப்பதில்லை. அந்த நேரம் பார்த்து, கையிலிருந்த முறுக்கு ஒடிந்துவிட்டது என்பதற்காகப் பேரன் நிலத்தில் விழுந்து, சப்பாத்துக் கால்களால் உதைத்து, வீடு அதிரக் கத்தினான். ஒடிந்ததை ஒட்டித்தர வேண்டும் என்பது அவன் வழக்கு. வேறொரு முறுக்கு கொடுத்தோம், அதை எறிந்தான். அது உருண்டுபோய்ப் பெரியவரின் காலடியில் நின்றது. அப்போது என் குரல் எழுந்தது. பாடசாலையில் காலைக் கூட்டத்தை ஒரு நொடியில் அடக்கும் குரல் அது. குரலோடு என் வலக்கையும் எழுந்தது.

மகள் ஒன்றும் பேசவில்லை. வந்தாள்; பிள்ளையை அள்ளினாள்; விளக்கில்லாத அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். என் கை அந்தரத்தில் நின்றது. பெரியவர் தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வாறு கை எழுந்தது அது முதல் முறையன்று. இதை நான் எவருக்கும் சொன்னதில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே ஊரை விட்டு வெளியேறியதை உங்களிற் பலர் அனுபவித்திருப்பீர்கள். செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் அன்றிரவு கண்ட கூட்டத்தை நான் விவரிக்கப் போவதில்லை. இந்த மகள் அப்போது என் தோளிலே இருந்தாள். கொடிகாமத்துக்கு அண்மையில், பாடசாலை வகுப்பறையொன்றில், நான்கு குடும்பங்கள் ஒதுங்கினோம். வாங்குகளை நிமிர்த்திச் சேலை கட்டி மறைத்துக்கொண்டோம். ஜாம் போத்தலிலே பஞ்சு வைத்துத் துளி மண்ணெண்ணெயில் எரிக்கும் சிக்கன விளக்கு ஒன்று நால்வர்க்கும் பொது. நத்தாரும் அங்கேயே வந்தது. பக்கத்துக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் வெண்கட்டியால் கரும்பலகையிலே குடிலும் பாலனும் நட்சத்திரமும் கீறினான். அழகாகவே கீறினான். நான் மகளைத் தூக்கிக் காட்டினேன். அவள் உள்ளங்கையால் பாலனைத் தடவினாள், பாலன் அழிந்துவிட்டார். அச்சிறுவனும் சிரித்தான், எல்லோரும் சிரித்தோம். இரண்டு மாதத்துக்குள் அந்த வகுப்பறை சிரித்தது அப்போதுதான்.

ஆனால் அன்றிரவு அவள் உறங்கவில்லை. அவளுக்கு இரண்டு சொற் பேசத் தெரியும். “வீட்ட போவம், வீட்ட போவம்” என்று ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அழுதாள். சேலைக்கு மறுபுறத்தில் காய்ச்சலோடு ஒரு முதியவர் கிடந்தார். யாரோ பெருமூச்சு விட்டார்கள். யாரோ புரண்டு படுத்தார்கள். அவள் கேட்டதைத்தான் நாங்கள் எல்லோரும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் வாய்விட்டுக் கேட்டாள். நான் அடித்தேன். தொடையிலே ஒருமுறை. ஐந்து விரலும் பதிந்தது. அவள் உடனே அழுகையை நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்தியதுதான் என்னால் மறக்க முடியாதது. என் மனைவி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். 1996இல் ஊர் திரும்பினோம், வீட்டைத் திருத்தினோம், எத்தனையோ நத்தார்கள் வந்தன. அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு சொல்லும் பேசியதில்லை.

விருந்தினர் போனபின் பத்து மணியளவிலே குசினிக்குப் போனேன். மகள் பாற்போத்தலைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

“பிள்ளை, தொண்ணூற்றைஞ்சு நத்தார் உனக்கு ஞாபகமிருக்காது.”

“எனக்கு எப்பிடியப்பா ஞாபகமிருக்கும்?”

“அண்டைக்கு இரவு நான் உனக்கு அடிச்சனான். நீ வீட்ட போவமெண்டு அழுதனி.”

அவள் போத்தலைக் கவிழ்த்து வைத்தாள்.

“எனக்கு எத்தினை வயசு?”

“இருபத்தொரு மாசம்.”

“உங்களுக்கு?”

“இருபத்தேழு.”

சற்று நேரம் யோசித்தாள். “இப்ப எனக்கு முப்பது. என்னிலும் மூண்டு வயசு குறைவு உங்களுக்கு,” என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள்: “இனி இவன் குழப்படி செய்தால், நீங்கள் எழும்பி முத்தத்துக்குப் போங்கோ அப்பா. நான் பாத்துக்கொள்ளுவன்.”

அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கும்படி நானும் கேட்கவில்லை. நான் எழுந்து முற்றத்துக்குப் போகவேண்டும் என்ற வழி ஒன்றைச் சொன்னாள். முப்பது ஆண்டு ஆசிரியப் பணியிலே எனக்கு எவரும் அந்த வழியைச் சொல்லித் தந்ததில்லை. அதன்பின் நான் இருமுறை முற்றத்துக்குப் போயிருக்கிறேன். மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். மார்கழி மழையில் அதற்குத் தண்ணீர் தேவையில்லை.

நள்ளிரவுத் திருப்பலிக்கு யார் போவது, யார் வீட்டில் நிற்பது என்ற கேள்வி அடுத்து எழுந்தது. பிள்ளையைப் போர்த்திக்கொண்டு போகலாம் என்பது என் மனைவியின் கட்சி. நாங்கள் எல்லோரும் அப்படித்தானே வளர்ந்தோம் என்றாள். அது உண்மை. ஆனால் ஒலிபெருக்கியும் சனநெருக்கமும் சீனவெடியும் ஒருங்கே கூடும் இடத்தில், ஏற்கெனவே தூக்கம் கெட்ட பிள்ளை என்ன பாடுபடுவான் என்பதை மாலையிலே கண்டிருந்தோம். மகள் சாமப் பூசை கண்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே, “நான் நிற்கிறேன், நான் விடியப் பூசைக்குப் போகிறேன்,” என்றேன். மனைவி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, தன் புதுச்சேலைக்கு ஊசி குத்தப் போனாள்.

வீட்டில் நானும் அவனும் தனித்திருந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி ஒலித்தது. அடுத்த நொடியே நான்கு திசையிலும் சீனவெடி. பிள்ளை துடித்தெழுந்து “அம்மா” என்றான். அம்மா இல்லை. பப்பா போதாது என்று தள்ளினான். தாலாட்டு ஒன்றும் எனக்கு முழுதாக வராது. அவையெல்லாம் பெண்களிடம் இருந்துவிட்டன, நாங்கள் கற்றுக்கொள்ளவில்லை. வெடிச் சத்தத்தை மீறிக் கத்தவும் கூடாது. வேறு வழியின்றி, தாழ்ந்த குரலிலே, ஒரே சுருதியிலே, இரண்டாம் வாய்பாட்டைச் சொல்லத் தொடங்கினேன். மூன்றாம் வாய்பாட்டில் அழுகை விம்மலாயிற்று. ஐந்தாம் வாய்பாட்டில், தான் பிடித்திருந்த துணிக்கழுதையை என் கன்னத்தில் வைத்து அழுத்தினான். ஏழாம் வாய்பாடு முடியுமுன் தலை என் நெஞ்சிற் சாய்ந்துவிட்டது. எட்டாம் வாய்பாட்டை எனக்காகச் சொன்னேன். அவர்கள் திருப்பலி முடிந்து வரும் வரைக்கும், தோள் மரத்துப்போயும், கதிரையில் அசையாமல் இருந்தேன். பிள்ளைகளின் தலை அவ்வளவு சூடாயிருக்கும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

நத்தார் தினத்திலே ஒரு விபத்து வந்து விலகியது. வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் அன்போடு கேக் துண்டொன்றைப் பிள்ளையின் வாயில் வைத்தார். நம் நாட்டு நத்தார்க் கேக்கிலே ரவையும் முந்திரிகை வற்றலும் சீனிப்பாகில் ஊறிய நீற்றுப்பூசணித் துண்டும் கஜுவும் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதிலே ஒரு கஜு நறுக்குப்படாமல் முழுதாய் இருந்திருக்கிறது. பிள்ளை சிரித்துக்கொண்டே ஓடினான்; திடீரென்று நின்றான். இருமல் இல்லை, அழுகை இல்லை, ஓசையே இல்லை. முகம் சிவந்து கறுக்கத் தொடங்கியது. நாங்கள் தண்ணீர் எடுக்க ஓடினோம். மகள்தான் பிள்ளையைத் தன் தொடைமேல் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கப் பிடித்து, தோட்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் பலமாகத் தட்டினாள். மூன்றாம் தட்டில் கஜு நிலத்தில் விழுந்தது. பிறகுதான் அழுகை வந்தது. அவ்வழுகையைப் போல இனிய ஓசை வேறில்லை.

அரைத்து மெல்லும் கடைவாய்ப் பற்கள் இந்த வயதில் முழுதாக வந்திரா. ஐந்து வயது வரைக்கும் கஜு, கச்சான் போன்றவற்றை முழுதாகக் கொடுக்கலாகாது. முழுத் திராட்சைப் பழத்தையும் நீளவாக்கில் வெட்டியே கொடுக்க வேண்டும். தொண்டையில் ஏதும் சிக்கிய பிள்ளை பலமாக இருமினால், இருமவிட வேண்டும். ஓசை எழாவிட்டால் மகள் செய்தவாறு ஐந்து முறை வரை தட்டலாம். அதற்கும் வெளிவராவிடின், ஒரு வயது கடந்த பிள்ளையைப் பின்னிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே கைமுட்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துவார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தலாகாது, மார்பின் நடுவே அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரல் விடக் கூடாது. அது இன்னும் உள்ளே போய்விடும். இதற்கிடையே ஒருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழைக்க வேண்டும். இவற்றை வானொலியிற் கேட்பது போதாது. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் ஒருமுறை செய்துகாட்டும்படி கேளுங்கள். பேரப்பிள்ளை வரும்வரை காத்திராமற் கேளுங்கள். நான் அப்படிக் கேட்கவில்லை.

கேக் கொடுத்த உறவினர் அன்று முழுவதும் வாடிப்போயிருந்தார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை.

மாலையில் அயல் வீட்டுக்குப் பலகாரத் தட்டைக் கொண்டுபோகும் பொறுப்பு பேரனுக்கு வழங்கப்பட்டது. மருமகன் ஒரு பக்கம் தாங்க, அவன் மறு பக்கம் பிடித்தான். வேலிப் பொட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு பயற்றம் பணியாரம் விழுந்துவிட்டன. அந்த வீட்டு அம்மா, விழுந்தவற்றைக் காணாதவர் போல், தட்டை வாங்கி, கதலி வாழைப்பழச் சீப்பொன்றை வைத்துத் திருப்பித் தந்தார். எங்கள் ஊரிலே பலகாரத் தட்டு வெறுந்தட்டாகத் திரும்புவதில்லை. குழந்தையின் சின்னக் கை துழாவிய கூழைப் பற்றி வள்ளுவர் சொன்னது சிறிதும் மிகையன்று என்று நினைத்துக்கொண்டே, மண் ஒட்டிய பணியாரம் ஒன்றைத் தட்டித் துடைத்து நான் உண்டேன்.

29ஆந் திகதி இரவு பஸ்ஸில் அவர்கள் கொழும்புக்குத் திரும்பினார்கள். ஏறும்போது பேரன் அழவில்லை. அழுதவர்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியதில்லை. மூன்று இராசாக்களின் திருநாள் முடிந்தபின், வழக்கம்போல் என் மனைவி அலுமாரி உச்சியிலிருந்த குடிலைப் பிரித்து, சாந்துச் சுரூபங்களைப் பழைய பத்திரிகையிற் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். அவை ஒன்றும் குறையவில்லை. விறாந்தைக் குடிலின் துணி ஆடுகளில் ஒன்று அரிசிப் பானைக்குள்ளிருந்து வந்தது. மற்றது என் பாடசாலைப் பைக்குள் இருந்து, முதற்றவணை தொடங்கிய அன்று அதிபர் அறை மேசையில் எல்லோர் முன்னிலையிலும் விழுந்தது. மாடு கிணற்றடியில் நனைந்து கிடந்தது. கழுதையை மாத்திரம் காணவில்லை. அவன் அதைக் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டான் என்று மனைவி சொல்கிறாள். அங்கே இல்லை என்று மகள் தொலைபேசியிற் சொன்னாள்.